பட்டியலின் கடைசி வரி

மயிலம் முருகன்மேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. திண்டிவனத்துக் கம்ப்யூட்டர் சென்டர் சுவரில், எந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு எத்தனையாவது இடம் என்ற பட்டியல் தொங்குகிறது. கடைசி வரியில் ஃபாக்ஸ்புரோ. அதைப் பதினாறு வருஷமாகச் சொல்லித்தரும் லூர்துமேரியை நாளையிலிருந்து வரவேண்டாம் என்கிறார் முதலாளி தாண்டவராயன். “நெட்டுல இத்த யாரும் தேடலியாம், டீச்சர்.” “தெரிஞ்சவன் எதுக்கு சார் தேடுவான்? பக்கத்து மல்லாட்டை மண்டியில நான் எழுதின புரோகிராம்தான் பில்லு அடிச்சிக்கினு இருக்குது. கேளுங்க.” சுவருக்கு அந்தப் பக்கம், மண்டியில், பிரிண்டர் கர்ரென்று அலறுகிறது. சுவர் அதிர்ந்து, ஆணி கழன்று, பட்டியல் இன்றைக்கு நாலாவது முறையாகத் தரையில் விழுகிறது. மத்தியான வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. தாண்டவராயன் பட்டியலைத் தூசி தட்டி மறுபடியும் மாட்டுகிறார். டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்ட லூர்துமேரி, சத்தம் வரும் பக்கமே காதைக் கொடுத்தபடி நிற்கிறாள். அந்த வேர்க்கடலை மண்டியை மூடி மூன்று வருஷம் ஆகிறது.