இசோமியில் ரயில் தாமதமாவதில்லை

உலகத்தில் நேரம் என்ற ஒன்று ஒழுங்காக நடப்பது இசோமி நிலையத்தில் மட்டும்தான். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் உத்தேசமாகத்தான் வாழ்கிறார்கள்.

இதை நிலைய அதிகாரி நெகிஷி, டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சிரிக்காமல் சொன்னார்.

வெளியே ஒரு கல்லூரிப் பையன் நின்றான். தூங்கிவிட்டான், தேர்வு போய்விட்டது. ரயில் தாமதம் என்று நிலையத்தில் சீட்டுக் கொடுத்தால் பேராசிரியர் மறுதேர்வு வைப்பார்.

"ஒரே ஒரு சீட்டு சார். இருபது நிமிஷக் கட்டத்துல ஓட்டை போட்டா போதும்."

"தூங்கினது நீ, பழி ரயிலுக்கா? முப்பத்தொரு வருஷமா இந்த ஜன்னல்ல ஒரு தாமதச் சீட்டு போனதில்லடா. சீட்டுக் கட்டோட உறையக்கூடப் பிரிக்கல, பாரு."

மெய்தான். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப் போயிருந்தது.

"புயல் அடிச்சப்போ?"

"புயல் அடிச்சா ரத்தாகும். லேட்டாகாது. பொய்ச் சீட்டு வாங்கித்தான் பாஸாகணும்னா, அதோ தண்டவாளம் முடியற இடத்துல கணவாய் மீன் காயப்போட்டிருக்காங்க. நீயும் போய்ப் படுத்துக்கோ."

பையன் போனான்.

கறுப்பு உடையில் தங்கை மிட்சுயோ உள்ளே வந்தாள். பதினொரு மணிக்கு அம்மாவின் இறுதிச் சடங்கு. ரயில் கம்பெனி ஐந்து நாள் விடுப்பு தந்திருந்தது. காலை ரயில்களுக்கு மட்டும் வந்துவிடுவதாக நெகிஷிதான் சொல்லியிருந்தார்.

"அம்மா பெட்டிய மூடப்போறாங்கண்ணா. ஆளுக்கு ஒண்ணு உள்ள வைக்கணும். நான் சால்வைய வச்சுட்டேன். நீ என்ன வைக்கிற?"

நெகிஷி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

முந்தாநாள், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போன் செய்தபோது காலை பத்து மணி. பத்து பன்னிரண்டுக்கு ரயில் இருந்தது. நகரத்துக்கு நாற்பது நிமிடம். ஆனால் மாற்று ஆள் ஒரு மணிக்குத்தான் வருவார். பணி முடியாமல் நிலையத்தை விட்டுப் போகிற பழக்கம் நெகிஷிக்கு இல்லை.

வெள்ளைக் கையுறையோடு பிளாட்பாரத்தில் நின்று, அந்த ரயிலைத் தானே கொடி காட்டி அனுப்பினார். நொடி பிசகவில்லை.

பன்னிரண்டரைக்கு அம்மா போய்விட்டாள்.

"உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க. ரயில் லேட்டும்மான்னு சொன்னேன்."

"லேட்டா?" நெகிஷிக்குச் சுருக்கென்றது.

"வேற என்னத்தச் சொல்ல? அவங்க நம்பவே இல்ல. 'எம் பையன் ஸ்டேஷன்ல ரயில் லேட்டாகாதுடி'ன்னாங்க. நான் சத்தியம் பண்ணினேன். அப்புறம் வாசலையே பாத்துட்டிருந்தாங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரைக் கிளப்ப அவள் வெளியே போனாள்.

நெகிஷி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஜன்னலின் திரையை இறக்கினார்.

மஞ்சள் உறை லேசில் கிழியவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார்.

முதல் சீட்டில் முந்தாநாள் தேதியைக் குத்தினார். நிமிடக் கட்டங்கள் அறுபதோடு முடிந்துவிட்டன. அதற்கு மேல் யாரும் தாமதமாவார்கள் என்று கம்பெனி எதிர்பார்க்கவில்லை. அறுபதில் ஓட்டை போட்டார்.

நிலைய முத்திரையை அழுத்திப் பதித்தார். பிறகு, அம்மாவின் கையில் மை ஒட்டிவிடக் கூடாதே என்று, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.