மூணாவது மானிட்டர்

"ரெண்டுக்கு உசுரு வந்துருச்சும்மா. மூணாவதுதான் கண்ணே தொறக்க மாட்டேங்குது," மேசைக்கு அடியிலிருந்து ஜீவாவின் குரல் வந்தது.

"எப்படியாச்சும் எழுப்பு சாமி. பொண்ணு ஊட்டுக்காரங்க நாமகிரிப்பேட்டையில கார் ஏறியாச்சாம்," என்றாள் செல்லியம்மாள்.

"எனக்கு லேப்டாப்பே போதும்."

"உனக்குப் போதும். பாக்க வாரவங்களுக்குப் போதோணுமே."

ஜீவாவுக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. பெங்களூர் கம்பெனிக்குச் சேந்தமங்கலத்து வீட்டிலிருந்தே வேலை. முன்பு வந்த இரண்டு இடமும், 'பையன் மடியில ஒரு பொட்டிய வெச்சுக்கிட்டு ஊட்டுலயே கெடக்கறான்' என்று கழித்துவிட்டுப் போயிருந்தன. அதற்காகத்தான் செல்லியம்மாள் மூன்று மானிட்டரும், மூன்றையும் ஒரே லேப்டாப்பில் சேர்க்க ஒரு அடாப்டரும் வாங்க வைத்தாள்.

இது தரகர் சின்னராஜ் கொண்டுவந்த இடம். பெண்ணின் அக்கா, புருஷனை விட்டுவிட்டுக் குழந்தையோடு பிறந்த வீட்டிலேயே இருப்பதை அவர் மறைக்கவில்லை. "அதெல்லாம் எந்த ஊட்டுல இல்ல? நமக்குச் சின்னவ மதுமதி வந்தாப் போதும்," என்றுவிட்டாள் செல்லியம்மாள்.

"அடாப்டருக்குக் கரண்டு பத்தலம்மா. தனியாச் சார்ஜர் போடோணும்."

அவள் பிரிட்ஜின் வயரைப் பிடுங்கி இடம் கொடுத்தாள். மூன்றாவதும் எரிந்தது.

"மூணுலயும் கோடு கோடா எதையாச்சும் ஓட விடு. வேலை நடக்கறாப்பல இருக்கோணும்."

எங்கோ ஒரு மில்லில் மெஷின்களின் சூட்டைக் கவனிப்பதுதான் ஜீவாவின் வேலை. அந்தக் கோடுகளைத் திறந்துவிட்டான். பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கின.

பெண்ணின் அப்பா தீனதயாளன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க தம்பி இது?"

ஜீவா வாயைத் திறப்பதற்குள் செல்லியம்மாள் முந்திக்கொண்டாள். "அவனுக்கு இதுதானுங்க உலகம். ஏறுதா, எறங்குதான்னு கண்ண எடுக்க மாட்டான். கதவச் சாத்திக்கிட்டான்னா சோத்துக்குக்கூட வர மாட்டானுங்க."

தீனதயாளன் மூன்றையும் வரிசையாக ஒருமுறை பார்த்தார். காபி டம்ளரைப் பாதியோடு கீழே வைத்தார்.

"போயிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க."

கார் தெருமுனை திரும்பியதும், "அசந்துட்டாரு பாத்தியா," என்றாள் மகனிடம். பிரிட்ஜை மறுபடி மாட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் சின்னராஜ் போன் செய்தார். "வேண்டாங்கறாங்க அக்கா."

"ஏனுங்க? மூணு டிவி வெச்சு வேலை பாக்கறான். இதுக்கு மேல என்ன வேணுமாம்?"



"அவங்க மூத்த மருமகனும் இப்படித்தான் மூணு டிவி வெச்சு, இருந்த நாலு ஏக்கரையும் ஷேர் மார்க்கெட்டுல உட்டாருங்க."