ரேடார் விரைவில்

"சார் சைட்டுல இருக்காருங்க" என்று முன்னறையில் பவித்ரா சொன்னபோது, சின்னராஜ் இருபதாயிரம் அடி உயரத்தில் இருந்தார். கீழே பனிமலை. பின்னால் எதிரி விமானம்.

ஆள் இருந்தது என்னவோ ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில், தன்னுடைய 'பனிமுகில் வில்லாஸ்' ஆபீஸின் பின்னறையில்தான். கையில் ஜாய்ஸ்டிக், எதிரே பெரிய திரையில் விமானச் சண்டை விளையாட்டு. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. அங்கே செங்கல் சுவர் அடுத்த மாதம் எழும்பிவிடும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எந்த சைட்டுங்க?" என்றது ஓர் ஆண்குரல்.

"கரடியூர் சைட்டுங்க. அங்க டவர் கெடைக்காது."

"அங்கிருந்துதானுங்க வர்றேன். நாலாம் நம்பர் வில்லா என்னுது. அஸ்திவாரத்துல ஒரு ஆடு மட்டுந்தான் படுத்திருக்குது. ஆமா, உள்ளாற என்னங்க சத்தம்?"

"ஜெனரேட்டருங்க" என்றாள் பவித்ரா. சம்பளம் வாங்குகிற பெண், கூசாமல் சொன்னாள்.

"தை மாசம் சாவி தர்றோம்னாங்க. அதை நம்பி வாடகை ஊட்டைக் காலி பண்ணிட்டனுங்க. சாமானெல்லாம் மச்சான் ஊட்டுல பொட்டி பொட்டியாக் கெடக்குது. மச்சான் மூஞ்சியில முழிக்கவே முடியலீங்க. இன்னைக்கு அவரைப் பாக்காம நான் நகர்றதா இல்லை."

சின்னராஜ் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார். நாலாம் நம்பர்காரரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. படத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் முழுப் பணத்தையும் கட்டிய புண்ணியவான். அப்படிப்பட்டவர்கள்மேல் சின்னராஜுக்குத் தனி மரியாதை உண்டு, பார்க்கத்தான் பிடிக்காது.

திரையில் பளீரென்று ஒரு வெளிச்சம். அவருடைய விமானம் சுக்குநூறாகிப் போயிருந்தது. எதிரி எங்கிருந்து சுட்டான் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? இந்த விளையாட்டில் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாட்யூல் என்பார்கள். பாதி வேலை முடிந்ததுமே விற்றுவிட்டு, மீதியைப் பிறகு தருவதாகச் சொல்வார்கள். சின்னராஜ் வாங்கிய போர் விமானத்தில் ரேடார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திரையும், அதில் 'விரைவில்' என்ற எழுத்தும் இரண்டு வருடமாக மின்னிக்கொண்டிருந்தன.

போன வாரப் போட்டியில் எதிரி என்று நினைத்துத் தன் அணிக்காரனையே சுட்டு வீழ்த்திவிட்டார். இன்று சாயங்காலமும் ரேடார் இல்லையென்றால் அவர் ஓரமாக உட்கார வேண்டியது, தலைமை ஈரோட்டுப் பல் டாக்டருக்கு என்று அணி முடிவு செய்துவிட்டது. அவரே ஆள் சேர்த்து ஆரம்பித்த அணி.

போனை எடுத்தார். விளையாட்டுக் கம்பெனி ஏதோ வெளிநாடு. ஆனால் ரேடாரைச் செய்கிற பையன் நம் பக்கத்துக்காரன் என்று போன மாதம்தான் தெரிந்தது. அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான் என்பதால் ஆள் யாரென்று தெரியாது. அன்றிலிருந்து அவனைத் தமிழிலேயே திட்ட முடிகிறதே என்பது ஒன்றுதான் ஆறுதல். டைப் செய்ய வராது. போனை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தால் அதுவே எழுதி அவனுக்கு அனுப்பிவிடும்.

"ஏனுங்க தம்பி, காசை மொதல்லயே வாங்கிப்போட்டுப் பொருளைத் தராம இழுத்தடிக்கறீங்களே, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்றது. பவித்ராவுக்கு ஆபீஸ் நேரத்தில் என்ன வாட்ஸ்அப் என்று சின்னராஜுக்கு எரிச்சலாக இருந்தது.

பதில் வந்தது. 'நொம்ப சாரிங்கண்ணா. ரெண்டு மணி நேர வேலைதான் பாக்கி. ஆனா என்ற கம்ப்யூட்டரு பொட்டியிலயே கெடக்குதுங்க. அதைப் பிரிச்சு வெக்கோணும்னா ஒரு ஆளு மனசு வெக்கோணும். அவருக்குத்தான் காத்துட்டு இருக்கறேன்.'

ரெண்டே மணி நேரம்! சின்னராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிசுகிசுப்பு கொஞ்சம் உரக்க வந்தது.

"யாருங்க தம்பி அந்த ஆளு?"

டிங்.

'காசு வாங்குனதோட சரிங்கண்ணா. கேட்டா எப்பவும் அடுத்த மாசம்பாரு.'

சின்னராஜுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நல்ல பையனை இப்படியா அலைக்கழிப்பது! அந்த மகராசனால் அல்லவா தன் ரேடார் நிற்கிறது, தன் தலைமை போகிறது! கோபத்தில் அவருக்குத் தான் கரடியூரில் இருப்பதே மறந்துபோயிற்று. தொண்டை கிழியக் கத்தினார்.

"அவனெல்லாம் மனுசனாங்க? அடுத்தவன் காசுல உக்காந்து திங்கற பயலுங்க அவன்! எங்க இருக்கறான்னு மட்டும் சொல்லுங்க தம்பி. சட்டையைப் புடிச்சு இழுத்தாந்து உங்க முன்னால நிறுத்தறேன்!"

டிங்.

பதிலுக்குப் பதிலாக வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிளைவுட் தடுப்பை யாரோ நிதானமாக இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஜெனரேட்டர்கிட்டச் சொல்லுங்க, ரேடாரு வெளியிலதான் உக்காந்திருக்குதுன்னு."