பின்னால் வரும் படகு

குளிருக்கு முன்னால் தெற்கே ஃப்ளோரிடாவுக்கு இறங்குகிற பாய்மரப் படகுகளில் ஹாலிஸுடையதும் ஒன்று. கால்வாய் நெடுகத் தூக்குப்பாலங்கள். பின்னால் தன்னுடைய ஆள் வந்தால், முன்னால் போகிறவர்தான் ரேடியோவில் பாலக்காரரிடம் பாலத்தைத் திறந்தே வைத்திருக்கச் சொல்வார். போன இலையுதிர்காலத்தில், சின்னப் பாய்மரப் படகில் பின்னால் வந்த மனைவி மார்லாவுக்காக ஹாலிஸ் அதைச் சொல்லவில்லை. காலையில் ஆறிப்போன காபிக்காக ஒரு சண்டை. கொஞ்சம் காத்துக் கிடக்கட்டுமே என்று நினைத்தார். நீரோட்டம் அவள் படகை மூடிய பாலத்தில் மோதவைத்து, அவளையும் சேர்த்து அடியில் அமுக்கிவிட்டது.

இந்த வருஷம் அதே பாலத்தைத் தாண்டியதும் ரேடியோவில் பாலக்காரரின் குரல் கரகரத்தது.

"கேப்டன், பின்னாடி சின்னப் படகுல ஒரு அம்மா வர்றாங்களே, உங்க ஆளா? திறந்தே வெச்சிருக்கட்டுமா?"

ஹாலிஸ் திரும்பிப் பார்த்தார். வெறும் தண்ணீர்.

"எங்கூட யாரும் வரல. மூடிடு."

அடுத்த பாலத்தை நெருங்கும்போது அது இறங்கிக்கொண்டிருந்தது. நீரோட்டம் தள்ளியது. எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கியும் படகு நிற்கவில்லை.

"திறம்மா! சீக்கிரம் திற!"

"இப்பத்தானே மூடினேன், கேப்டன்," என்றாள் பாலக்காரி. "முன்னாடி போன அம்மாகிட்ட, பின்னாடி வர்றவரு உங்க ஆளான்னு கேட்டேனே. எங்கூட யாரும் வரல, மூடிடுன்னுட்டாங்க."