ஒண்டியாள் ஓட்டு

திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறையில் இன்னும் கண் திறக்காத முருகன் சிலை ஒன்று நிற்கிறது. அதன் மீது சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பனியன் முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். ஓட்டுப் பெட்டியைத் திறக்கும் முன்பே செல்வக்குமார் மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாலையை அவரே வாங்கி, அவரே போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓட்டுக் கேட்டு ஒருத்தன் ஊட்டுப் படி ஏறலீங்க. ஒண்டியாளாக் கம்பெனி ஆரம்பிச்சேன், ஒண்டியாளா ஜெயிக்கறேன். எவன் தயவும் எனக்கு வேண்டாம்."

"ஆளுக்கொரு போனாவது போட்டிருக்கலாமுங்களே?" என்றார் ஓட்டு எண்ண வந்த ஆடிட்டர் பொன்னுச்சாமி.

"கேட்டு வாங்கினா அது பிச்சைங்க."

திருப்பூரில் ஒரு பனியனை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் வெட்டுவார், ஒருவர் தோளை ஓவர்லாக் அடிப்பார், ஒருவர் கழுத்துப்பட்டி வைப்பார், பிசிறு நறுக்க இன்னொருவர். அதனால் 'ஒண்டியாளாக' என்ற சொல்லுக்கு ஊரில் அதிக வேலை கிடையாது. தனியொருவராக என்று பொருள். செல்வக்குமார் சொன்னால் மட்டும், கூட உழைத்த நானூறு பேர் கண்ணில் படவில்லை என்று பொருள்.

"ஒண்டியா ஆரம்பிச்சீகளா அண்ணாச்சி? அப்ப மாமனார் வீட்டு மிசின் நாலும் தானா நடந்து வந்துச்சாக்கும்?" என்றார் அயர்னிங் யூனிட் நடத்தும் விஜயராணி. சிவகாசிப் பக்கத்துக்காரர், வாய்க்கு மட்டும் இஸ்திரி போடாதவர்.

எதிர்த்து நின்றவர் சென்னியப்பன். தன் கம்பெனியிலேயே ஃபேன் சுவிட்சைத் தட்ட, "போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்கிற மனிதர். கடைசி வரிசையில், பாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

உறுப்பினர்கள் எண்பத்தாறு பேர். எண்பத்தாறு பேரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். பொன்னுச்சாமி எண்ணி முடித்துத் தொண்டையைச் செருமினார்.

"சென்னியப்பன் எம்பத்தி நாலு. செல்வக்குமார் ஒண்ணு. செல்லாதது ஒண்ணு."

கூட்டம் சிரித்தது. செல்வக்குமார் அசரவில்லை, எழுந்து நின்று மீசையை நீவிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. அந்த ஒண்ணும் நானே எனக்குப் போட்டதுங்க. தோத்தாலும் ஒண்டியாளாத்தான் தோத்திருக்கறேன். இங்க ஒருத்தனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியதில்ல!"

பொன்னுச்சாமி தயங்கித் தயங்கிச் செல்லாத சீட்டைத் தூக்கிக் காட்டினார். டிக் அடிக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கையெழுத்து. போதாததற்கு, அதன் மேல் கம்பெனி சீல்.

"இது உங்க கையெழுத்துங்களா? போட்டது யாருன்னு தெரிஞ்சா ஓட்டுச் செல்லாதுங்க."

செல்வக்குமாரின் முகம் முதல் சலவையிலேயே சாயம் போன துணி மாதிரி ஆனது.

"அப்ப... எனக்கு உழுந்த அந்த ஒண்ணு? அதை எவன் போட்டது?"

ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். "சத்தியமா நானில்லப்பா" என்று முதலில் கையை விரித்தவர் விஜயராணிதான்.

கடைசி வரிசையில் சென்னியப்பன் கைகூப்பியபடி எழுந்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. எனக்கு நானே போட்டுக்கறதுக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சுங்க."