சிவப்பு பின்

வளையல் சத்தம் மட்டும் வந்தது.

குரல் வரவில்லை.

மண்டபம் காத்திருந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து கண்ணாடி வளையல்கள் தாளம் தப்பாமல் குலுங்கின. நடுநடுவே ஒரு ‘ஸ்’. காற்றுப்போல வந்து போனது.

மனையில் மங்கை உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். ஏழு மாத வயிறு. அவள் முன்னால் பெரியம்மா ஒரு ஜோடிப் பச்சை வளையலோடு. அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

மங்கை கூட்டத்துக்குள் கூடப்பிறந்தவனைத் தேடினாள்.

அம்மா எங்கேடா?

வாய் திறந்து கேட்கவில்லை. கண் கேட்டது.

அம்மா எங்கே போனாள் என்று அந்த மண்டபத்திலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன்தான் அழித்திருந்தான்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தெருவில் எந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு என்றாலும் முதல் பாட்டு அம்மாவுடையது. தொடையில் தட்டித் தட்டி, கைவளையல் குலுங்கப் பாடுவாள். அப்படி ஒருநாள் பாடிப் பார்த்ததை மங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். மிஞ்சிய குரல் அவ்வளவுதான். மங்கை தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவாள்.

அம்மா பாடாமல் எனக்கு வளையல் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். செத்தவள் குரலை சுபகாரியத்தில் போடுவதாவது என்று பெரியம்மா குதித்தாள். நடுவில் புகுந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது அவன்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

ஃபோன் பதிவு. ஒற்றைக் குரல், தட்டையாக இருந்தது. அவனோ சென்னையில் சீரியல்களுக்கு ஒலி சேர்ப்பவன். சும்மா இருப்பானா? ஸ்டீரியோ ஆக்கினான். பதிவைப் பிரதி எடுத்து, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. வலது பிரதியின் அலையைத் தலைகீழாகப் புரட்டினான். அந்தப் பக்கம் மட்டும் வளையலின் கூர்மையான ஒலியைக் கொஞ்சம் தூக்கினான்; அதோடு குரலின் ‘ஸ்’களும் ஏறின. ஹெட்போனில் கேட்டபோது அம்மா அறை முழுக்க விரிந்தாள். அவன் அழுதேவிட்டான். அழுத வேகத்தில் வேறெதிலும் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு பக்கத்து அலை மேலே போகும்போது மற்றது கீழே போகும். தனித்தனிக் காதில் இருக்கும்வரை அழகு. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் தூக்கியதுதான் மிஞ்சும்.

வளையல்.

இந்தத் தப்புக்காக அவன் ஸ்டுடியோவில் எத்தனை பேரைக் காய்ச்சியிருக்கிறான்!

“ரெண்டு பின்னையும் ஒரே லைன்ல குடுத்துருக்கேன் தம்பி, கும்முனு வரும்” என்று மைக்செட் சவரிமுத்து காலையிலேயே சொன்னார். இடதும் வலதும் ஒரே பெட்டியில் கலந்துவிடும் என்று தோன்றாமல் அவனும் தலையாட்டினான்.

இப்போது சவரிமுத்து குரலைத் தேடி வால்யூமைத் திருகினார்.

வளையல் சத்தம் பெரிதானது.

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. “போனவ நல்ல காரியத்துல வரமாட்டான்னு.”

யாரோ உச்சுக்கொட்டினார்கள். மங்கையின் கை வயிற்றுக்குப் போனது.

அவன் ஓடினான். நாற்காலி ஒன்று சாய்ந்தது. சித்திரான்னத் தட்டுகளைத் தாண்டினான். ஆம்ப்ளிஃபயரின் முதுகில், ஒயர் முனைகளில் இடதுக்கு வெள்ளை பின், வலதுக்கு சிவப்பு பின். ஒன்றைப் பிடுங்கினால் போதும். மற்றது அம்மாவை முழுசாகத் தரும்.

சிவப்பைப் பிடித்தான்.

அப்போது மண்டபத்தில் ஒரு குரல் எழுந்தது.

மங்கை.

பள்ளிக்கூடத்தில் இறைவணக்கத்துக்கே வாயை மட்டும் அசைத்தவள். அவள் பாடினாள். கரகரத்தது, சுருதி அங்கே இங்கே போனது. ஆனால் வளையலை விட்டு விலகவில்லை. இடையிடையே வந்த அந்த ‘ஸ்’ ஒவ்வொன்றும் எந்தச் சொல்லின் மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அடுக்கு வளையல் கொண்டாங்க, அவ ஆச தீரப் பூட்டுங்க...”

அவன் விரல்கள் பின்னின் மேலேயே இருந்தன. பிடுங்கலாமா? அம்மாவின் குரல் ஒரு சொல் தள்ளி விழுந்தால் மங்கை நின்றுவிடுவாள். இனி ஒருபோதும் பாடமாட்டாள். பெரியம்மாவின் கையில் அந்தப் பச்சை வளையல் இன்னும் அந்தரத்தில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடுங்கினான்.

டப்.

அம்மா வந்தாள்.

அதே வரியில். அதே சொல்லில்.

மங்கையின் குரல் நடுங்கியது. நிற்கவில்லை. கண்ணீர் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது, அவள் பாடிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு இடப்பக்கம் பெட்டியிலிருந்து அம்மா. வலப்பக்கம் மனையிலிருந்து மங்கை.

பெரியம்மா அந்த வரி முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மங்கையின் விரல்களைக் குவித்து, பச்சை வளையலை மெதுவாக ஏற்றினாள்.

சவரிமுத்து குனிந்து அவன் கையில் தொங்கிய சிவப்பு பின்னைப் பார்த்தார்.

“ஒரு சைடு போயிருச்சே தம்பி.”

“இல்லண்ணே” என்றான். “ரெண்டும் வருது.”