உடனுக்குடன் பதில்

வாதி ரம் பாலைவனத்துச் சுற்றுலாக் கூடாரத்தில் அன்று இருந்தது இரண்டே பேர். காப்பி அடுப்பின் பக்கம் அதன் உரிமையாளர் தைஃபுல்லா. எதிர் மெத்தையில், சுற்றுலா விடுதிகளின் இணையப் பக்கங்களுக்கு மதிப்பெண் போடும் நவால். மற்ற மெத்தைகள் காலி.

“முதலிடம் உங்களுக்குத்தான் ஹாஜி. யாரு எந்நேரம் கேட்டாலும் உடனே பதில் போயிடுது. எத்தனை ஆளு வச்சிருக்கீங்க?”

“நான் ஒருத்தன்தான் மகளே. சலாம் சொன்னவங்களைக் காக்க வைக்கலாமா?”

“இனி அந்தத் தொல்லையே இல்லை. எல்லாருக்கும் தானே பதில் எழுதுற மென்பொருள்தான் முதல் பரிசு. நாளைக்கே போட்டுவிடுறேன். நிம்மதியாத் தூங்குங்க.”

அவள் போனதும் தைஃபுல்லா அவளுக்கே ஒரு கடிதம் எழுதினார்.

‘பரிசை இரண்டாம் இடத்துக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். மனைவி போன பிறகு என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் இணையத்தில் கேள்வி கேட்கும் இவர்கள் மட்டும்தான்.’

உறையை ஒட்டி, தண்ணீர் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினார்.